அறுபத்தேழு சதவீதம்: ஹைட்ரஜனைத் திடப்பொருளில் அடைக்கும் கதை

1998-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. டெர்ரி பேக்கர், நெல்லி ரோட்ரிகஸ் குழுவினர் எழுதியது. மீன்முள்போல் அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்கும் கிராஃபைட் நானோஇழைகளுக்குள், அறை வெப்பநிலையில், 100 பாரைச் சற்றே தாண்டிய அழுத்தத்தில், எடையில் 67 சதவீதம் வரை ஹைட்ரஜன் புகுந்துகொள்வதாக அது சொன்னது. ஒருமுறை நிரப்பினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கார் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. உலகமெங்கும் ஆய்வகங்கள் தங்கள் கார்பன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இந்தத் துறையில் இறங்கின.

பள்ளிக்கூட வேதியியலை வைத்தே அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். ஹைட்ரோகார்பன்களில் ஹைட்ரஜன் மிகுந்தது மீத்தேன். அதிலேயே ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள்தான். எடையில் 25 சதவீதம். 67 சதவீதம் என்றால், எந்த விதத்தில் கணக்கிட்டாலும் ஒரு கார்பனுக்குக் குறைந்தது எட்டு ஹைட்ரஜனாவது வருகிறது. வேதிப்பிணைப்பே இல்லாமல், வெறும் இடுக்குகளில் மீத்தேனைவிட இரு மடங்கு ஹைட்ரஜன் எப்படித் தங்கும்? பலருக்கு இது அப்போதே உறுத்தியது. ஆனாலும் நம்ப விரும்பினார்கள். அந்த விருப்பத்துக்குக் காரணம் இருந்தது.

எடையை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு நிகரான எரிபொருள் கிடையாது. ஒரு கிலோவில் 120 மெகாஜூல் ஆற்றல். பெட்ரோலில் ஏறத்தாழ 44 தான். ஆனால் இடத்தைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 12 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அது தரும் ஆற்றலைப் பெட்ரோலில் நான்கு லிட்டருக்கும் குறைவான அளவிலேயே பெற்றுவிடலாம். ஒரு காருக்குத் தேவையான ஐந்து கிலோவைச் சும்மா விட்டால் ஒரு சிறிய வீட்டின் கூடமே நிறைந்துவிடும்.

எனவே அழுத்த வேண்டும், அல்லது குளிரவைக்க வேண்டும். 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் 700 பார் அழுத்தத்தில் சுமார் ஐந்து கிலோ ஹைட்ரஜனைச் சுமந்தது. அந்த அழுத்தத்திலும் ஒரு லிட்டருக்கு 40 கிராம்தான். சிலிண்டர் முழுக்கக் கார்பன் இழை சுற்றியது, விலை அதிகம். நிரப்பிய தொட்டியின் மொத்த எடையில் ஹைட்ரஜனின் பங்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் லிட்டருக்கு 71 கிராம் கிடைக்கும். ஆனால் அதைத் திரவமாக்கவே அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை செலவாகும். பிறகு எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஏவூர்திக்குச் சரி. ஒரு வாரம் வெளியூர் போகிறவரின் கார் நிற்கும் ஷெட்டுக்குச் சரிவராது.

இந்த இரண்டு வழிகளுக்கும் மாற்றாக, ஹைட்ரஜனைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பித் தரும் திடப்பொருள் ஒன்று கிடைக்காதா என்பதுதான் தேடல். தேடல் புதிதல்ல. 1866-இல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், அப்போது லண்டன் நாணயச்சாலையின் தலைவர், பலேடியம் உலோகம் தன் பருமனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சுவதைக் கண்டார். பாடநூல்கள் இன்றும் 900 மடங்கு என்று வியப்போடு சொல்கின்றன. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. எடைக் கணக்குக்கு மாற்றினால் அந்த 900 மடங்கு, ஒரு சதவீதம்கூட இல்லை, 0.7-ஐ ஒட்டி நிற்கும். பலேடியம் அவ்வளவு கனமானது. இந்தத் துறையில் எந்த எண்ணைக் கேட்டாலும், எதற்கு எதை வகுத்த எண் என்று உடனே கேட்டுவிடுவது நல்லது.

திடப்பொருள் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் விதம் அடிப்படையில் இரண்டுதான். பலேடியம் போன்றவற்றில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து, அணுக்களாக உலோகத்துக்குள் நுழைந்து பிணைகிறது. பிடி வலுவானது, விடுவிக்கச் சூடேற்ற வேண்டும். கார்பன் போன்ற நுண்துளைப் பொருள்களில் மூலக்கூறு பிளவதில்லை, மேற்பரப்பில் லேசாக ஒட்டி நிற்கிறது. பிடி மிகத் தளர்வு. அறை வெப்பநிலையின் அசைவே அதைக் கழற்றிவிடப் போதும். ஒட்டவைக்கக் கடுங்குளிர் வேண்டும். எண்ணில் சொன்னால், கார்பன் பரப்பு ஒரு மோல் ஹைட்ரஜனைச் சுமார் 4 முதல் 7 கிலோஜூல் ஆற்றலோடு பிடிக்கிறது. மெக்னீசியம் ஏறத்தாழ 75 கிலோஜூலோடு. ஒன்று போதாது, மற்றது மிதமிஞ்சியது. அறை வெப்பநிலையில் 30 பாரில் நிரப்பி 1.5 பார் வரை பயன்படுத்த வேண்டுமானால் பிடி 15 கிலோஜூலை ஒட்டி இருக்க வேண்டும் என்று 2006-இல் பாட்டியா, மையர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். எவ்வளவு பிடிக்கிறது என்ற கேள்வி செய்தியாகிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் பொருளின் தலையெழுத்து இருக்கிறது.

1991-இல் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களை விவரித்த பிறகு, அந்தக் குழாயின் உட்புறம் ஹைட்ரஜனுக்கென்றே செய்ததுபோல் பலருக்குத் தோன்றியது. 1997-இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஆன் டில்லன், மைக்கேல் ஹெபென் குழு, ஒற்றைச் சுவர் நானோகுழாய்கள் 5 முதல் 10 சதவீதம் ஹைட்ரஜனைத் தாங்கும் என்று நேச்சர் இதழில் எழுதியது. அது நேரடியாக அளந்த எண் அல்ல. கையிலிருந்த புகைக்கரியில் நானோகுழாய் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இருந்தது. அதில் கிடைத்த மிகச் சிறிய அளவை வைத்து, முழுவதும் நானோகுழாயாக இருந்தால் என்று நீட்டிப் போட்ட கணக்கு. 1999-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு லித்தியம் சேர்த்த நானோகுழாயில் 20 சதவீதம், பொட்டாசியம் சேர்த்ததில் 14 சதவீதம் என்று சயன்ஸ் இதழில் அறிவித்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தன. சரிந்த விதம்தான், என் பார்வையில், இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் யாங் சிங்கப்பூர்ச் சோதனையைத் திரும்பச் செய்தார். ஹைட்ரஜன் வாயுவை நன்றாக உலர்த்திவிட்டுச் செய்தபோது அந்தப் பெரிய எண் காணாமல் போனது. வாயுவில் துளியளவு ஈரம் இருந்திருக்கிறது. லித்தியமும் பொட்டாசியமும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்பவை. ஒரு நீர் மூலக்கூறின் எடை ஒன்பது ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் எடைக்குச் சமம். தராசு எடையைத்தான் சொல்லும், எதன் எடை என்று சொல்லாது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மைக்கேல் ஹிர்ஷரின் குழு வேறொன்றைக் கண்டது. நானோகுழாய்களின் வாயைத் திறப்பதற்காக அவற்றை அமிலத்தில் இட்டு மீயொலி அதிர்வுக்கோலால் குலுக்குவது வழக்கம். கோல் டைட்டானியக் கலவையால் ஆனது. குலுக்கக் குலுக்க அது தேய்ந்து, நுண்துகளாக மாதிரியில் கலந்தது. டைட்டானியம் ஹைட்ரஜனை நன்றாகவே பிடிக்கும். கார்பனின் சாதனையாக எண்ணப்பட்டது கருவியின் தேய்மானம். 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் பலவகைக் கார்பன் குழாய்களையும் இழைகளையும் அறை வெப்பநிலையில் அளந்து, 0.1 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை என்று எழுதினார்கள். 2006 அக்டோபரில் அமெரிக்க எரிசக்தித் துறை, கலப்பில்லாத ஒற்றைச் சுவர் நானோகுழாய்களை வாகனச் சேமிப்புக்காக ஆராய்வதை நிறுத்தியது.

இத்தனை திறமையானவர்கள் எப்படித் தவறினார்கள் என்று கேட்பதற்கு முன், அளக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். புதிதாகச் செய்த நானோபொருள் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 100 மில்லிகிராம்தான், ஒரு சிட்டிகை. அது ஒரு சதவீதம் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் ஒரே ஒரு மில்லிகிராம். 50 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கருவியில் அதை வைத்து, 100 பார் வரை ஹைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். அந்த நிலையில் கருவிக்குள் இருக்கும் மொத்த வாயு ஏறத்தாழ 380 மில்லிகிராம். தேடுவது அதில் ஒரு மில்லிகிராமை. லோடு லாரியை எடைமேடையில் ஏற்றி, டிரைவரின் சட்டைப்பையில் எவ்வளவு சில்லறை என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. இதற்கிடையில் அறையின் ஏசி அணைந்து மறுபடி ஓடி, கருவியின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரும். 380-இல் அது 1.3 மில்லிகிராம். பொருளே இல்லாமல் ஒரு சதவீதத்துக்கு மேல் சேமிப்பு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் இதையே செய்யும். உறிஞ்சியது போலவும் தெரியும், மேலும் மேலும் உறிஞ்சுவது போலவும் தெரியும். மோசடி தேவையில்லை, ஆசையும் சிறிய மாதிரியும் போதும். பின்னாளில் ஒரே கார்பன் மாதிரியைப் பல ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னபோது, தேர்ந்த கைகளிலிருந்தும் விடைகள் சிதறித்தான் வந்தன.

கடுங்குளிரில் கதை வேறு. மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனின் குளிரில், தளர்ந்த பிடியே போதுமானதாகிவிடுகிறது. அங்கே எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறதோ அவ்வளவு ஹைட்ரஜன். கனடாவின் ரிச்சர்ட் ஷாஹீன் பெயரால் வழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒரு கிராமுக்கு 500 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு சதவீதம். ஒற்றைக் கார்பன் ஏட்டின் இரு முகத்தையும் சேர்த்தால் கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். ஆக வெறும் கார்பன் தாளில் ஐந்தைச் சற்றுத் தாண்டலாம். அதற்கு மேல் போகக் கார்பனைவிடத் துளை மிகுந்த ஒன்று வேண்டும்.

அந்த இடத்துக்கு வந்தவை உலோக-கரிமக் கட்டமைப்புகள், சுருக்கமாக எம்ஓஎஃப். உலோக அணுக்கொத்துகளை மூட்டுகளாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்துக் கட்டிய படிகங்கள். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். 1999-இல் ஓமர் யாகி குழு வெளியிட்ட எம்ஓஎஃப்-5 இதில் வழிகாட்டி. 2006-இல் எம்ஓஎஃப்-177, மைனஸ் 196 டிகிரியில் 7.5 சதவீதம் எட்டியது. இந்தக் கட்டமைப்புகளுக்காக 2025-இன் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், யாகி மூவருக்கும் போனது. 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டான் சீகல் குழு ஏறத்தாழ ஐந்து லட்சம் கட்டமைப்புகளைக் கணினியில் சலித்துப் பார்த்தது. 2020-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஓமர் ஃபர்ஹா குழு என்யூ-1501 என்ற பொருளை அறிவித்தது. 100 பாரில், மைனஸ் 196 டிகிரியில் நிரப்பி, 5 பாரில், மைனஸ் 113 டிகிரிக்குச் சூடாக்கி எடுத்தால் 14 சதவீதம், லிட்டருக்கு 46.2 கிராம்.

இது உண்மையான சாதனை, அளவீடும் கவனமானது. ஆனால் பக்கத்தில் ஒரு காலி சிலிண்டரை வைத்து ஒப்பிட்டால் வியப்பு கொஞ்சம் இறங்கும். அதே குளிரில், அதே 100 பாரில், உள்ளே எதுவுமே போடாத சிலிண்டர் லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் ஹைட்ரஜனைக் கொள்ளும். இவ்வளவு நுட்பமான படிகம் கூடுதலாகத் தந்தது அதில் பாதி. அதுவும் இடைவெளியே இல்லாமல் படிகம் அடைந்திருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் இது தூள். தூளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அழுத்தி வில்லையாக்கினால் துளைகள் நொறுங்கும். பொருளின் எண்ணைத் தொட்டியின் எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறைச் செய்திகளில் நான் அடிக்கடி பார்க்கும் வழுக்கல். அமெரிக்க எரிசக்தித் துறையின் இலக்குகள் (2025-க்கு 5.5 சதவீதம், லிட்டருக்கு 40 கிராம், இறுதியாக 6.5 சதவீதம், 50 கிராம்) தொட்டி, வால்வு, காப்புறை, குழாய் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கானவை.

அறை வெப்பநிலைக்கு வர வேண்டுமானால் பரப்பைப் பெருக்கிப் பயனில்லை, பிடியை இறுக்க வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழு இந்த வழியில் போகிறது. கட்டமைப்பின் மூட்டிலுள்ள உலோக அணுவை ஒரு பக்கம் மூடாமல் விட்டால் ஹைட்ரஜன் அங்கே நேராக வந்து அமரும். இப்படிச் செய்த நிக்கல் பொருள் ஒன்று 25 டிகிரியில், 100 பாருக்கும் 5 பாருக்கும் இடையே லிட்டருக்கு 11 கிராம் தந்தது. காலி சிலிண்டர் அதே எல்லையில் தருவது 7 கிராமுக்குச் சற்று மேல். 2021-இல் வனேடியம் வைத்துச் செய்ததில் பிடி 21 கிலோஜூல் வந்தது. வேண்டிய வட்டாரத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் ஓர் உலோக மூட்டுக்கு ஒரு மூலக்கூறு என்ற விகிதத்தில் மொத்த அளவு உயர்வது கடினம். ஒரே மூட்டில் இரண்டு மூன்றை அமரவைப்பதுதான் அடுத்த முயற்சி.

மறுபுறம் இறுக்கமாகப் பிடிக்கும் கூட்டம்: உலோக ஹைட்ரைடுகள். 1960-களின் இறுதியில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்தப் பொருள்களை ஆராய்ந்தவர்கள் லாந்தனம்-நிக்கல் கலவை, அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதைக் கண்டார்கள். பின்னாளில் நிக்கல்-ஹைட்ரைடு பேட்டரிகள் அதன் வழிவந்தவை. கொள்ளும் அளவு 1.4 சதவீதம், ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோ உலோகம். மெக்னீசியம் மலிவு, லேசு, 7.6 சதவீதம் கொள்ளும். ஆனால் விடுவிக்க 300 டிகிரி வெப்பம் வேண்டும், எடுத்துக்கொள்ளவும் மணிக்கணக்கில் சோம்பும்.

நானோ அளவு இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. மெக்னீசியத்தைப் பந்தாலையில், அதாவது உருளும் குண்டுகளுக்கு இடையே, அரைத்து நுண்மணிகளாக்கினால் ஹைட்ரஜன் ஊடுருவ வேண்டிய தூரம் குறைகிறது. நியோபியம் ஆக்ஸைடு போன்ற வினையூக்கியைச் சிறிது சேர்த்தால் மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிறது. 1997-இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் போரிஸ்லாவ் போக்டனோவிச் சோடியம் அலுமினியம் ஹைட்ரைடில் கொஞ்சம் டைட்டானியம் சேர்த்து, அதுவரை ஒருவழிப் பாதையாக இருந்த வினையை இருவழியாக்கினார். 2011-இல் பெர்க்லி ஆய்வகத்தில் மெக்னீசிய நானோபடிகங்களை ஒரு பாலிமருக்குள் பதித்தார்கள். ஹைட்ரஜனை விட்டு ஆக்ஸிஜனைத் தடுக்கும் பாலிமர். காற்றில் வைத்தாலும் உலோகம் கெடவில்லை. ஆனால் பாலிமருக்கும் எடை உண்டு, சதவீதம் அதற்கேற்ப இறங்கும்.

ஆனால் வேகம் வேறு, வெப்பம் வேறு. மெக்னீசியத்தின் பிடியே தளர வேண்டுமானால் துகள் சுமார் 1.3 நானோமீட்டருக்கும் கீழே சுருங்க வேண்டும் என்று 2005-இல் ஹாலந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழுவின் கணக்கு காட்டியது. சில பத்து அணுக்களின் கொத்து அது. சூடேறியவுடன் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். அதற்கு மேற்பட்ட எந்த அளவிலும் மோலுக்கு 75 கிலோஜூல் அப்படியேதான் இருக்கும். அதைக் காருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பங்கில் ஐந்து கிலோ ஹைட்ரஜன் நிரப்பும்போது 186 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். ஐந்து நிமிடத்தில் நிரப்பினால் 620 கிலோவாட். வீட்டு வெந்நீர் ஹீட்டர் முந்நூறு ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஓடும்போதோ அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஹைட்ரஜன் தரும் ஆற்றலில் முப்பது சதவீதத்துக்கு மேல். காரில் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தின் கழிவு வெப்பம் 80 டிகிரியைச் சுற்றியே நிற்கும், 300 டிகிரிக்கு அது உதவாது. எத்தனை நுண்ணியதாக அரைத்தாலும் இந்தக் கணக்கு அசையாது. மெக்னீசியம் காருக்கானது அல்ல என்றே நினைக்கிறேன்.

எடை ஒரு பொருட்டில்லாத இடங்களில் ஹைட்ரைடுகள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. ஜெர்மனியின் 212ஏ ரக நீர்மூழ்கிக் கப்பல்கள் எரிபொருள் கலத்துக்கான ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடு உருளைகளில்தான் வைத்திருக்கின்றன. நீர்மூழ்கிக்குக் கனம் குறையல்ல, எப்படியும் பாரம் ஏற்றித்தான் ஆக வேண்டும். உயர் அழுத்த வாயு இல்லாதது கூடுதல் பாதுகாப்பு. வாராணசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஓ.என். ஸ்ரீவஸ்தவா ஹைட்ரைடு தொட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்களையும் மூன்று சக்கர வண்டிகளையும் ஓட்டிக் காட்டினார். சென்னை ஐஐடியில் எஸ். ராமபிரபுவின் குழு நானோகுழாய், கிராஃபீன் பரப்பில் உலோகத் துகள் பதித்துச் சேமிப்பை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் 2025 ஜூலையில் சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்ட ஹைட்ரஜன் ரயில் பெட்டி அழுத்தப்பட்ட வாயுவையே நம்புகிறது. இன்றைய நிலையில் அது சரியான தேர்வுதான்.

2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி உரம், சுத்திகரிப்பு, எஃகு ஆலைகளுக்குப் போகும். பகலில் சூரிய மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜனை இரவுக்கு வைத்திருக்க வேண்டிய இடங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே தொட்டி ஓடுவதில்லை, எடையை யாரும் கேட்கப்போவதில்லை. உலைப் பக்கத்தில் 300 டிகிரி வெப்பம் வீணாகவே போய்க்கொண்டிருக்கும், மெக்னீசியத்துக்குக்கூட அங்கே வழி உண்டு. இன்னும் எளிய வேட்பாளர் இரும்பு-டைட்டானியக் கலவை. இரண்டு சதவீதத்துக்குள்தான் கொள்ளும், ஆனால் அறை வெப்பநிலையை ஒட்டியே எடுத்துக் கொடுக்கும், இரும்பு மலிவு. அதன் தொல்லை தொடக்கத்தில்தான். மேலே படிந்த ஆக்ஸைடு தோலை உடைத்து முதல்முறை ஹைட்ரஜனை உள்ளே விட, 400 டிகிரி வரை சூடாக்கித் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பந்தாலையில் நானோ மணிகளாக அரைத்தாலோ, மேலே துளி பலேடியம் பூசினாலோ அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. சேமிக்கும் சதவீதம் அதனால் கூடுவதில்லை.